என் பக்கம் பிரேக் மட்டும்

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால்
ஓட்டுநர் பள்ளியின் ஏழாம் எண் கார்.
பழகுபவர் பக்கம் எல்லாம் உண்டு,
என் காலடியில் பிரேக் ஒன்றுதான்.
பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு:
போவது என் கையில் இல்லை,
நிறுத்துவது மட்டும் என் காலில்.

ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும்.
ஒன்பது மணிக்கே முதல் பயிற்சி.
திருமதி பாங் மல்சுன் வண்டியைப் பின்னால் எடுக்கையில்
என் தொடைமேல் கைபேசி.
எங்கள் நாட்டில் சிவப்பு ஏறுமுகம், நீலம் இறங்குமுகம்.
வெளியே சிவப்பைக் கண்டால் நில் என்பேன்,
உள்ளே சிவப்பைக் கண்டால் போ, இன்னும் போ.
ஒருநாள் மாற்றிச் சொல்லிவிட்டேன்.
மீன் லாரிக்காரன் திட்டியது
இன்னும் காதில் நிற்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கு இங்கே எறும்பு என்று பெயர்.
சில்லறையாகச் சேர்த்துச் சில்லறையாக வாங்குபவர்கள்.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
தேய்ந்தது எதுவென்று
என் மனைவி ஹ்வாயோனைக் கேளுங்கள்.

மூன்று மாதம் ஆராய்ந்து வாங்கியது
முக்யோங் கப்பல் உதிரிபாகம்.
ஆண்டறிக்கையை அடிக்கோடிட்டுப் படித்தேன்.
பேருந்து பிடித்துத் தொழிற்சாலை வாசல்வரை போய்
வெளியே வரும் லாரிகளை எண்ணினேன்.
ஒரு மணி நேரத்தில் பதினான்கு!
கடன் கொடுத்தவர்கள் எந்திரங்களைப் பெயர்த்து
ஏற்றிப்போகும் லாரிகள் அவையென்று
அன்றைக்குத் தெரியாது.

சுங்வோல் பேட்டரி வாங்கப்போய்
சுங்வோல் பாய்லர் வாங்கினேன்.
பெயரில் பாதி ஒன்று, விரல் தடி,
மூக்குக் கண்ணாடி வீட்டில்.
திருத்தலாமென்றால் அன்று நீலம்.
அப்படியே மறந்தும்போனேன்.
அந்த வருடக் குளிர்
மார்ச் பிறந்தும் ஊரைவிட்டுப் போகவில்லை.
தெருத்தெருவாய்க் குழாய் வெடித்தது,
பாய்லர் மூன்று மடங்கு.
காக்கை பறக்கப் பேரிக்காய் விழுந்தது என்பார்கள் எங்கள் பக்கம்.
நான் அந்தக் காக்கைகூட இல்லை,
மரத்தடியில் வாய்திறந்து தூங்கியவன்.

மகளின் பல்லுக்குக் கம்பி கட்ட விற்றேன்.
பள்ளி கேன்டீனில் மட்டும்
அதை ஆராய்ச்சி என்று சொன்னேன்.
பருவநிலை என்றேன், சுழற்சி என்றேன்,
முள்ளங்கித் துண்டை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.
எட்டாம் எண் கார் நோ கியுபோம்
கையுறைக்குப் பின்னால் எழுதிக்கொண்டார்.
நான் விற்ற வாரம் அவர் வாங்கினார்.
அடுத்த வாரம் செர்ரி பூத்தது.
இப்போது அவர் வேறு மேசையில் சாப்பிடுகிறார்.

போன ஞாயிறு
எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தோம்.
இருபத்தாறு பங்குகள், நான்கு நோட்டுகள்,
வரியும் தரகும் போக
மிச்சம் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வொன்.
ஒரு நடுத்தரக் குளிர்பெட்டி, தள்ளுபடியில்.
ஹ்வாயோன் ஒன்றும் பேசவில்லை.
தன் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்து
என் நோட்டுகளின்மேல் வைத்துவிட்டு
அரிசி களையப் போனாள்.
அதிலிருந்த தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

திங்களன்று, ஏழாவது முயற்சியில்,
திருமதி பாங் மல்சுன் தேறினார்.
இறங்கியவர் ஜன்னலில் குனிந்து கேட்டார்:
'பங்கெல்லாம் பார்ப்பீர்களாமே,
என் சீட்டுப்பணம் வருகிறது, எதை வாங்கட்டும்?'
எட்டாம் எண் கார் எங்களைத் தாண்டிப் போனது.
கையுறை அணிந்த கை, நேராகப் பார்க்கும் முகம்.
'தெரியாது' என்றேன்.
அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது
எனக்கே புதிதாக இருந்தது.

செவ்வாய். ஒன்பது மணி. புதுப் பையன்.
காலியான நீண்ட பாதை, உப்புக் காற்று.
தொடைமேல் பார்த்தேன்:
சுங்வோல் பேட்டரி, நான் வாங்காமல்போனது,
உச்சிவரை சிவப்பு.
வலது கால் தானாக அழுந்தியது.
வண்டி குலுங்கி நின்றது.
பையன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி
முன்னால் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
'சார், எதிரே ஒன்றுமே இல்லையே?'